நிறம் போகாத மருதோண்டி

அத்தியாயம் பதினொன்று

அந்த வெள்ளிக்கிழமை காலையில் சுபைறாவின் வீட்டு ஹோலில் இருந்தவர்கள் இவர்கள்: வாசல்பக்கக் கதிரையில் குடும்பத்துக்கு மூத்தவர் கச்சிமுகம்மது, அவருடைய மனைவி நபீஸா, அவருடைய தங்கையும் வீட்டுக்காரியுமான சுபைறா, மாப்பிள்ளையின் தாய் றாஹிலா, குசினித் திரையை ஒட்டி நின்ற சுபைறாவின் மகள் றிஸ்னா. றாஹிலாவை ஓட்டோவில் கொண்டுவந்து விட்ட அவளுடைய தம்பி பஸால் கேற்றுக்கு வெளியே போன் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு ஒருவரும் இல்லை. பெயர் பெயராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள்தான் பிறகு அந்தக் கதையை அதிகம் கதைத்தார்கள்.

கச்சிமுகம்மது களைத்துப் போயிருந்தார். விடியச் சுபஹு தொழுத கையோடு நாவிதன்வெளி வயலுக்குப் போய், தண்ணீர் முறைக்காக மேல்வயல்காரரோடு வாய் கொடுத்துவிட்டு, கணுக்காலில் சேறு காய்ந்தபடி நேரே இங்கே வந்திருந்தார். ஆனாலும் முதுகு கதிரையில் சாயவில்லை. அடுத்தவர் முன்னிலையில் சாய்ந்து உட்கார்ந்த மனிதர் அல்ல அவர்.

ஊரில் 'மரைக்கார்' என்றால் அவர்தான். பள்ளிவாசலில் தங்கள் தாய்வழிக் குடிக்கு மரைக்காயராக இருந்து, குடிக்குள் நடக்கும் நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்நின்று பேசுகிறவர். தங்கையின் புருஷனைச் சுனாமி கொண்டுபோன நாளிலிருந்து றிஸ்னாவுக்கு வாப்பா இடத்திலும் அவர்தான்.

றிஸ்னா ஒலுவில் பல்கலைக்கழகக் கெம்பஸில் விஞ்ஞானம் படிக்கிறவள், இறுதி வருஷம். படிப்பின் ஒரு பகுதியாகக் கொழும்புப் பக்கம் ஒரு மருந்துக் கம்பனியில் தொழிற்பயிற்சி கிடைத்தது. போய்ச் சேர்ந்து நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தாள். அதற்கிடையில்தான் றாஹிலா தன் மகன் இன்பாஸுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பினாள்.

மரைக்கார் ஒரு நாள் லீவில் பிள்ளையைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, அக்கம்பக்கத்துக்குச் சத்தம் போகாமல் றாஹிலா பகுதிக்குப் பெண்ணைக் காட்டினார். வாக்கு முடியும்வரை இரண்டு பகுதியும் வெளியில் வாய் திறக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டதும் அவர்தான். பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டால் போகிறவர்களுக்கு ஒன்றுமில்லை, பெண்ணின் பெயர்தானே ஊரில் கிடக்கும்.

அன்றைக்குத்தான் அந்த மருதோண்டி.

"மாமா, கையில மருதோண்டியோட கம்பனில உள்ளுக்க விடமாட்டாங்க," என்று றிஸ்னா சொல்லத்தான் செய்தாள்.

"வெறுங்கையோட பொண்ணக் காட்டுற குடும்பம் நாங்க இல்ல. மறுகா கழுவினாச் சரி," என்று அவர் சொல்லிவிட்டார். நபீஸா போட்டுவிட்டாள்.

கழுவினால் போகிற சாமானா அது? திரும்பிப் போன அன்றே, உடுப்பு மாற்றும் அறை வாசலில் பிரிவுப் பொறுப்பாளர் யசோதினி அவளுடைய கையைப் பார்த்துவிட்டாள். காரைதீவுப் பெண். நம் பக்கத்துப் பிள்ளை என்று இரக்கத்தோடுதான் சொன்னாள்: "நிறம் போனாப்பிறகு வாங்க றிஸ்னா. இது உங்களுக்கு மட்டும் உள்ள சட்டமில்ல."

நடு வாரத்தில், தோளில் பையோடு, இரண்டு கையும் சிவக்கச் சிவக்க, கல்முனை பஸ் நிலையத்தில் கலியாணமாகாத ஒரு குமர் இறங்கினால் ஊர் என்ன நினைக்கும்? பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னமே கதை கட்டி முடிந்துவிட்டது. மரைக்காரின் மருமகள் கொழும்பில் களவாக நிக்காஹ் முடித்துவிட்டாள்.

மரைக்கார் பதில் சொல்லவில்லை. ஊர்க்கதைக்குப் பதில் சொல்லுகிற வழக்கம் அவருடைய குடும்பத்தில் கிடையாது. பதில் சொல்வது, வந்த கதையை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டுக் கொடுப்பதற்குச் சமம் என்று அவருடைய வாப்பா நினைத்தார். அவரும் அப்படியே நினைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஹோலில் றாஹிலா பிளேன்டியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மரைக்கார், எனக்குச் சுத்தி வளைச்சுக் கதைக்கத் தெரியா. ஊரில என்ன கதை போகுதெண்டு உங்களுக்கும் தெரியும்."

"தெரியா," என்றார் கச்சிமுகம்மது.

"தெரியாட்டி நல்லம்." றாஹிலா சிரித்தாள். "எங்களுக்கு அதில ஒரு சந்தேகமும் இல்ல. அண்டைக்கு மருதோண்டிக் கையப் பிடிச்சுப் பார்த்ததே நான்தானே. மாஷா அல்லாஹ், என்னா நிறம்! கட்டாரில இரிக்கிற இன்பாஸுக்கும் போனில சென்ன நான்."

சுபைறாவுக்கு மூச்சு வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள்.

"ஆனா ஊர் வாய மூடணுமே. அதுக்கு ஒரு வழிதான் இரிக்கு. இன்பாஸ் லீவில வாறான். வந்த கையோட நிக்காஹ்வ வெச்சிடுவம். மறுகா ஆரு என்ன கதைக்கிற? இந்தக் கலியாணத்துக்குத்தான் மருதோண்டி போட்டிருக்காங்க எண்டு தாங்களே அடங்கிடுவாங்க."

நபீஸா கணவரின் முகத்தைப் பார்த்தாள். முகம் அசையவில்லை.

"ஒண்டே ஒண்டு," என்றாள் றாஹிலா. "மகள் இனிக் கொழும்புக்குப் போகப்படாது. மாப்பிள்ளை வந்து இந்த வீட்டில இரிக்கக்குள்ள, பொஞ்சாதி அங்க போத்தல் கழுவிக்கிட்டு இருந்தா நல்லாவா இரிக்கும்?"

"போத்தல் கழுவுறல்ல மாமி," என்று திரைப்பக்கமிருந்து குரல் வந்தது. "நான் பரிசோதனைப் பிரிவில இரிக்கன்."

"சும்மா இரி கா," என்று சுபைறா அதட்டினாள்.

"கதைக்கட்டும், கதைக்கட்டும். பரிசோதனையோ என்னவோ." றாஹிலா கையை நீட்டினாள். "இஞ்ச வாங்க மகள். கைய ஒருக்காக் காட்டுங்க, நிறம் இன்னும் இரிக்கா எண்டு பாப்பம்."

றிஸ்னா சால்வைக்குள் இருந்த கைகளை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கை ஈரம் மாமி."

வெட்கப்படுகிறாள் என்று றாஹிலா நினைத்துக்கொண்டாள். கச்சிமுகம்மதுவும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் றிஸ்னா பார்த்தது றாஹிலாவை அல்ல, அவரை.

"மாமா, ஞாயிறு பஸ்ஸுல நான் போகணும். பயிற்சி முடிக்காட்டி இந்த வருஷம் பட்டம் இல்ல. அடுத்த தொகுதியோட திரும்பத் துவங்கணும்."

 

"ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பதில் செல்றன்," என்றார் மரைக்கார்.

"பஸால் பள்ளியடியில நிப்பான். அவன்கிட்டச் செல்லிவிடுங்க, போதும்." றாஹிலா எழுந்து அபாயாவைச் சரிசெய்துகொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி, "நல்ல பதிலாச் செல்லுங்க மரைக்கார். எங்கட பக்கத்திலயும் நாலு பேர் கேக்கத் துவங்கிட்டாங்க," என்றாள்.

ஓட்டோ தெருமுனை தாண்டும்வரை சுபைறா பொறுத்திருந்தாள். அதற்குப் பிறகு அண்ணனிடம் கேட்காமலிருக்க அவளால் ஏலவில்லை.

"காக்கா, ஓமெண்டு செல்லிடுங்க. உங்களுக்கென்ன, நீங்க வயலுக்குப் போயிடுவீங்க. கேற்றுக்கு வாறவங்களுக்கு முகம் குடுக்கிறது நான். நேத்து மீன்காரன் கேக்கான், கலியாணச் சாப்பாடு எப்ப ராத்தா எண்டு. பாரை வாங்கப் போன நான் வெறுங்கையோட உள்ளுக்க வந்துட்டன்."

"அவனுக்கு என்னா சென்ன நீ?"

"என்னத்தச் செல்ற? நீங்கதானே ஒண்டும் செல்லப்படாதெண்டு வெச்சிரிக்கீங்க."

நபீஸா கோப்பைகளை எடுத்து அடுக்கினாள்.

"மருதோண்டி போட்டது நான்," என்றாள், யாரையும் பார்க்காமல். "நீங்க போடச் சென்னீங்க."

"இப்ப என்ன அதுக்கு?"

"ஒண்டுமில்ல. எனக்கு ஞாபகம் இரிக்கு எண்டு சென்ன."

நபீஸாவோடு வாழ்ந்த இத்தனை காலத்தில் அவள் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் திருப்பிக் கத்தியாவது இருக்கலாம். கச்சிமுகம்மது எழுந்து, கால் கழுவப் பின்பக்கம் போனார். முழங்கால் இரண்டும் வலித்தன. ஓமென்று ஒரு சொல் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். மாப்பிள்ளை நல்ல பையன், குடும்பம் தெரிந்த குடும்பம், ஊர் வாயும் அடங்கும். அந்த ஒரு சொல் அவருடைய நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டிருந்தது.

குழாயடியில் றிஸ்னா கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு பேசின். இரண்டு கையும் அதற்குள் இருந்தன. துணி வெளுக்கிற குளோரின் வாசம் மூக்கைக் குத்தியது. பக்கத்தில் புளிப்புச் சாறு பிழிந்த தேசிக்காய், உப்பு, சட்டி தேய்க்கிற ஒரு பிடி தேங்காய் நார்ப் பொச்சு.

"எடு கைய," என்றார்.

அவள் எடுக்கவில்லை.

"றிஸ்னா. எடு எண்டு சென்ன."

எடுத்தாள். விரல்நுனிகளில் மருதோண்டி பழஞ்செங்கல் நிறத்துக்கு மங்கியிருந்தது, போகவில்லை. அதைச் சுற்றித் தோல்தான் போயிருந்தது. உள்ளங்கை முழுக்க உரிந்து, பெருவிரல் அடியில் வெடித்து, வெடிப்பில் இரத்தம் கசிந்தது. றாஹிலாவுக்குக் காட்டாமல் சால்வைக்குள் இழுத்துக்கொண்டது இந்தக் கைகளை.

"ஆரு செய்யச் சென்ன?"

"ஒருத்தருமில்ல. உம்மா தேசிக்கா வெட்டித் தந்தா, அவ்வளவுதான்."

"கம்பனிக்காரங்க இப்பிடித் தேய்க்கச் சென்னாங்களா?"

"இல்ல மாமா. யசோதினி அக்கா தொடவே வேணாமெண்டு சென்ன. தன்ட பாட்டில போகட்டுமாம்."

"அப்ப என்னத்துக்கு?"

றிஸ்னா கையைப் பார்த்தபடி சொன்னாள். "கம்பனிக்காக இல்ல. ஊருக்காகத் தேய்ச்ச."

கச்சிமுகம்மது துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.  

 பிறகு அவர், இவ்வளவு நாளும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"அப்பிடி என்னதான் செய்ற அந்த அறைக்குள்ள? கிளவுஸ் போடுறதானே? மருதோண்டி இரிந்தா என்ன?"

"கண்ணுக்கு விடுற மருந்து நிரப்புற அறை மாமா. கிளவுஸ் கிழியலாம். கையில ஒட்டியிருக்கிற தூள் ஒண்டு உதிர்ந்து போத்தலுக்குள்ள போனா, அது மறுகா ஆர்ட கண்ணுக்குள்ள போகும் எண்டு ஆருக்கும் தெரியா. மருதோண்டி, நெய்ல் பொலிஷ், மோதிரம் ஒண்டும் ஏலா."

"உன்ட வேலை என்ன அதுக்குள்ள?"

"வேலை முடிச்சு வாறவங்கட கிளவுஸ் விரல ஜெலி ஊத்தின தட்டில அமத்தி எடுப்பம். அந்தத் தட்டச் சூட்டுப் பெட்டியில வெச்சு, கிருமி முளைக்குதா எண்டு பாக்கிற. முளைச்சா அந்த ஆள் திரும்பக் கை கழுவப் படிச்சிட்டுத்தான் உள்ளுக்க போகலாம்."

"பெரிய ஆக்களுமா?"

"மெனேஜருக்கும் ஒருக்கா முளைச்ச. அவரும்தான் போய்ப் படிச்ச." சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முகத்த உம்மெண்டு வெச்சிக்கிட்டு வரிசையில நிண்டார்."

கச்சிமுகம்மது சிரிக்கவில்லை. ஆனால் அந்தச் சங்கதி அவருக்குப் பிடித்திருந்தது. பெரிய மனிதரென்றும் பார்க்காத சட்டம். தண்ணீர் முறையிலும் பள்ளிவாசல் கணக்கிலும் அப்படி ஒன்றுக்காகத்தான் அவர் காலமெல்லாம் வாய் கொடுத்திருக்கிறார்.

"ஞாயிறு போகணும் எண்டாயே. நிறம்தான் இன்னும் போகல்லயே?"

"யசோதினி அக்கா கேட்டு வேற இடம் எடுத்துத் தந்திருக்கா. விழுங்குற குளிசை சோதிக்கிற ஆய்வுகூடம். அங்க நிறம் இரிந்தாலும் காரியமில்லயாம். ஆனா காயம் இரிக்கப்படாது. அசிட் எல்லாம் பாவிக்கிற இடம். கைய போட்டோ எடுத்து அனுப்புங்க, திங்கக்கிழமை வரலாமா எண்டு செல்றன் எண்டா."

"அனுப்பினியா?"

"எப்பிடி அனுப்புற இத?" கைகளை அவருக்கு நேரே நீட்டினாள். "அவ கேட்டது நேத்து. அதுக்கு முந்தியே நான் தேய்க்கத் துவங்கிட்டன். உம்மா செல்றா, வந்த அண்டு எடுத்த போட்டோ ஒண்டு போனில இரிக்கே, கை நல்லா இரிக்கு, அத அனுப்பிவிடு எண்டு."

"வேணாம்."

"மாமா..."

"எங்கட வீட்டுப் புள்ள, இல்லாத கைய இரிக்கெண்டு காட்டுறதா? இப்ப இரிக்கிறபடி எடு."

சொன்ன பிறகு அந்தச் சொல் அவரையே வந்து இடித்தது. கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பிரியாணிச் சட்டியைக்கூடப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்காமல், பெண்ணைக் காட்டவே இல்லை என்பதுபோல் ஊருக்குக் காட்டியவர் அவர்தான்.

இரண்டு கையும் தெரிய வேண்டுமானால் போனைப் பிடிக்க வேறு ஆள் வேண்டும். அவரே வாங்கினார். முதல் படத்தில் அவருடைய சாரன் ஓரம்தான் விழுந்தது. இரண்டாவதில் கை ஆடிவிட்டது. "மூச்சப் பிடிச்சிக்கிட்டு எடுங்க மாமா," என்றாள் றிஸ்னா. மூன்றாவது சரியாக வந்தது. காயமும் நிறமும் ஒன்றுக்கொன்று மறைக்காமல் தெளிவாகத் தெரிந்தன. அவள் சுண்டுவிரலால் தட்டித் தட்டி யசோதினிக்கு அனுப்பினாள்.

யசோதினி பார்த்துவிட்டாள், இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

பேசின் தண்ணீரை அவர் தன் கையாலேயே வாழைமரத்தடிக்குப் போகாமல் ஒதுக்குப்புறமாக ஊற்றினார். பொச்சைச் சுழற்றிச் சுவருக்கு அப்பால் எறிந்தார்.

"இனித் தேய்க்காத. நபீஸா மாமிட்டத் தேங்கா எண்ணெய் கேட்டுப் பூசு."

தன் வீட்டுக்குத் திரும்பிக் குளித்து, வெள்ளைச் சட்டை மாற்றி, தொப்பி தேடும்போது நபீஸா கண்மருந்துப் போத்தலோடு வந்தாள். கண்புரை ஒப்பரேஷனில் பூ வெட்டிய பிறகு வேளைக்கு வேளை அவள்தான் விடுவாள்.

"தலைய நிமித்துங்க."

நிமிர்த்தினார். துளி குளிர்ச்சியாக விழுந்தது. வழக்கமாக உடனே துடைத்துக்கொண்டு எழும்புகிறவர் அன்றைக்குக் கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் இருந்தார்.

"எரியுதா?" என்று கேட்டாள் நபீஸா.

"இல்ல."

ஜும்ஆவில் மௌலவி சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தொழுகை முடிந்து முற்றத்துக்கு வந்தபோது வெயில் கொளுத்தியது. வேப்பமர நிழலில் வழக்கமான கூட்டம். நடுவில் இரும்புக்கடை ஆதம்பாவா. கொஞ்சம் தள்ளிப் பஸால், அக்காவுக்குக் கொண்டுபோகப் பதிலை எதிர்பார்த்து நின்றான்.

"மரைக்கார்!" என்று ஆதம்பாவா குரல் கொடுத்தார். "கொழும்பு மாப்பிள்ளைக்கு விருந்து எப்ப? நாங்களும் உங்கட குடி ஆக்கள்தானே, மறந்திடாதீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கச்சிமுகம்மது செருப்பில் காலை நுழைத்தார். இந்தச் சிரிப்பை அவர் ஒரு கிழமையாக முதுகில் சுமந்துகொண்டுதான் நடக்கிறார். இன்னும் ஒருநாள் சுமக்க ஏலாமல் இல்லை. ஆனால் நிமிர்ந்தபோது ஒன்றைக் கண்டார். பஸாலும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இஞ்ச வா."

பஸால் வந்தான்.

"நீ என்னத்துக்குச் சிரிச்ச?"

"சும்மா காக்கா. எல்லாரும் சிரிச்சாங்க."

"அண்டைக்கு அக்காவக் கூட்டிக்கிட்டு எங்கட வீட்டுக்கு வந்தது நீதானே? ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கித் தின்டதும் நீதானே? அந்த மருதோண்டி எங்க போட்டதெண்டு உனக்குத் தெரியாதா?"

பஸால் குரலைத் தாழ்த்தினான். "தெரியும் காக்கா. ஆனா வெளில வாய் திறக்கப்படாதெண்டு நீங்கதானே சென்ன. நாங்க சென்ன சொல்லக் காப்பாத்துறம்." பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னான்: "பதில் ஓம்தானே? ஓமெண்டா இதெல்லாம் இண்டையோட முடிஞ்சிடும்."

அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அதுதான் அவரைச் சுட்டது. அவர் போட்ட நிபந்தனைக்குள் அவர்கள் பத்திரமாக நின்றார்கள். வெளியே வெயிலில் நின்றது அவருடைய பிள்ளை ஒருத்திதான், குளோரின் பேசினுக்குள் கையை விட்டுக்கொண்டு.

வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். மரைக்கார் வீட்டில் பெண் காட்டினார்கள், சரிவரவில்லை என்று நாளைக்கு ஊர் சொல்லும். எதைத் தவிர்க்கக் கதவைச் சாத்தினாரோ, அது கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வரும். இன்னொரு இடம் கேட்டு வர எத்தனை காலம் செல்லுமோ.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். றிஸ்னா. யசோதினியின் பதில் வந்திருக்க வேண்டும். ஓமோ இல்லையோ, சொல்ல வேண்டிய உண்மை மாறாது; அதைக் கேட்டுவிட்டுக் கதைப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. போனைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அது அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது.

"ஆதம்பாவா," என்றார். உரக்கச் சொல்லவில்லை. ஆனால் மரைக்கார் நின்று கதைக்கிறார் என்பதற்காகவே முற்றம் அமைதியானது. "நல்லாக் கேட்டுக்கங்க. கேட்டத அப்பிடியே போய்ச் செல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

ஆதம்பாவாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ட மருமகள் கொழும்பில நிக்காஹ் முடிக்கல்ல. ஒருத்தரோடயும் போகல்ல. கம்பனி அவள வெளியாக்கவும் இல்ல. பொண் பாக்க ஒரு பகுதி வந்தாங்க. காட்டினது நான். மருதோண்டி போட்டது என்ட பொஞ்சாதி, போடச் சென்னது நான். புள்ள வேணாமெண்டு சென்ன, நான்தான் கேக்கல்ல. கண்மருந்து செய்ற அறைக்குள்ள மருதோண்டிக் கையோட ஒருத்தரயும் விடமாட்டாங்க, மெனேஜரயும் விடமாட்டாங்க. அதுக்குத்தான் வீட்டுக்கு வந்தவ. ஞாயிறு பஸ்ஸுல திரும்பிப் போறா."

பஸாலின் முகம் வெளுத்தது. மதிலோரமாக ஒதுங்கி, போனைக் காதில் வைத்தான். அக்கா மறுமுனையில் என்ன சொன்னாளோ, அவன் திரும்பித் திரும்பி மரைக்காரைப் பார்த்தான்.

ஆதம்பாவா தாடியைத் தடவினார். இவ்வளவும் கேட்ட பிறகும் அவருக்கு ஒன்று மிச்சமிருந்தது.

"அப்ப மாப்பிள்ளை ஆரு மரைக்கார்?"

கச்சிமுகம்மது மற்றக் காலையும் செருப்பில் நுழைத்தார்.

"மாப்பிள்ளை இல்ல. மருதோண்டி மட்டுந்தான்."